லாரி வரும்வரை ஒரு சண்டை: ஜப்பானிய ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்குள் நுழைவது எப்படி

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் என்றால் எனக்கு எடைமேடை. மே கடைசியிலிருந்து ஜூலை வரை, மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா பழம் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். சுமையோடு ஒரு எடை, பழத்தை இறக்கிய பிறகு வெறும் வண்டிக்கு ஒரு எடை, சீட்டில் கையெழுத்து, அடுத்த வண்டி. இரவு பதினொரு மணிக்கு மேல் வரத்து மெலிந்துவிடும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே பத்து நிமிடம் கிடைக்கலாம், முக்கால் மணி நேரமும் கிடைக்கலாம். எது என்று முன்கூட்டித் தெரியாது. பதினைந்து ஆண்டுகளாக அந்த இடைவெளிகளில்தான் நான் உலகத்தைக் காப்பாற்றி வருகிறேன்.

பாலக்கோட்டில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் போன் செய்தான். "மாமா, நீங்கள் சொன்னீர்கள் என்று பெர்சோனா 4 வாங்கினேன். இரண்டு மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எப்போது சண்டை வரும்?" என்றான். நான் அதை முதலில் ஆடச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்தது என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அவனுக்கு விளக்கப் போய், அந்த விளக்கம் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

காத்திருக்கும் சண்டை

ஜேஆர்பிஜி என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த வகைக்கு முகம் கொடுத்தது 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட். விசார்ட்ரி, அல்ட்டிமா என்ற அமெரிக்கக் கணினி விளையாட்டுகளில் மயங்கிய யூஜி ஹோரீ, அவற்றின் முள்ளையும் தோலையும் நீக்கி, பள்ளிச் சிறுவனும் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும்படி அதைச் செய்தார். பூதங்களை வரைந்தவர் அகிரா தோரியாமா. அடுத்த ஆண்டே ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேன்டசி வந்தது. பெரும்பாலானவற்றில் அடிப்படை ஒன்றுதான்: நாலைந்து பேர் கொண்ட ஒரு கூட்டம், ஊர் ஊராகப் பயணம், வழியில் சண்டை, சண்டையில் கிடைக்கும் அனுபவப் புள்ளியால் லெவல் உயர்வது, நடுநடுவே நீண்ட கதை.

சண்டை முறை வைத்து நடக்கும். நீ ஒரு முறை, நான் ஒரு முறை. என்னை இந்த வகையில் கட்டிப்போட்டது கதைகூட அல்ல, அந்த முறைதான். துப்பாக்கி விளையாட்டில் டிரைவர் ஹாரன் அடித்தால் என் ஆள் செத்தான். டிராகன் குவெஸ்டில் பூதம் வாயைப் பிளந்தபடி நிற்கும். நான் எழுந்து போய் எடை போட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, டிரைவரோடு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினாலும் பூதம் அதே இடத்தில், அதே வாயோடு நிற்கும். இவ்வளவு மரியாதையான பகைவன் எனக்கு வேறு எங்கும் வாய்த்ததில்லை.

ஆனால் முறை வைத்து ஆடும் எல்லா விளையாட்டும் இப்படி நிற்காது. 1991இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 4 முதல் 2000இல் வந்த 9 வரை, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வரும். நிரம்பியவுடன் அவன் முறை. நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் எதிரி அடித்துவிடுவான். இவற்றில் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 'ஆக்டிவ்' என்பதை 'வெயிட்' என்று மாற்றுங்கள். அப்போது மந்திரப் பட்டியலையோ பொருள் பட்டியலையோ திறந்து படிக்கும் நேரத்துக்குக் கடிகாரம் நிற்கும். சண்டையை நிறுத்திவைக்கத் தனிப் பொத்தான் இருந்தாலும், அதை அழுத்திவிட்டால் பட்டியலைப் படிக்க முடியாது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் பாதிச் சண்டையை வென்று கொடுக்கும்.

எதில் தொடங்குவது

குரோனோ டிரிகர். 1995இல் வந்தது. ஹோரீ, சகாகுச்சி, தோரியாமா மூவரும் சேர்ந்து செய்தது. போட்டி நிறுவனங்களின் ஆட்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சமைத்த விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். காலத்துக்குள் முன்னும் பின்னும் பயணம் செய்யும் கதை. ஒரு தவளை வீரனும் ஒரு ரோபோவும் கூட வருவார்கள். இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த வகையில் அது சிறுகதை. பழைய விளையாட்டுகளில் நான்கு அடி வைத்தால் எங்கிருந்தோ எதிரி வந்து குதிப்பான். இதில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே திரிவார்கள், சிலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். பேச்சும் அளவாக இருக்கும்.

தொடக்கத்திலேயே ஒரு திருவிழா வரும். அங்கே எதைத் தொடுகிறீர்கள், யாருக்கு உதவுகிறீர்கள் என்று கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இரண்டாவதாக, டிராகன் குவெஸ்ட் 5 அல்லது ஃபைனல் ஃபேன்டசி 10. முன்னது 1992இல் வந்தது; அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சிறுவன் வளர்ந்து, மணமுடித்து, தானே அப்பாவாகும் வரை போகும் கதை. பின்னது 2001இல் வந்தது. இதில் கடிகாரமே கிடையாது. அடுத்து யார் முறை, அதற்கடுத்து யார் முறை என்று திரையின் ஓரத்தில் வரிசையாகக் காட்டும். எடைமேடை வரிசை போலவே இருப்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

எதில் தொடங்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். பெர்சோனா 5 நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் இழுக்கும். முதல் விளையாட்டுக்கு அது தாங்காது. ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன் 2003இல் வந்த அற்புதம். ஆனால் நாயகன் செத்தால், கூட இருப்பவர்கள் உயிரோடு இருந்தாலும், ஆட்டம் அதோடு முடிந்துவிடும். முதல் முறை ஆடுபவர் கருவியைச் சுவரில் எறிவார். ஃபைனல் ஃபேன்டசி 8 பற்றிக் கீழே தனியாகத் திட்டுகிறேன்.

கருவி

அதிகம் வேண்டாம். நான் 2010இல் பெங்களூரு நேஷனல் மார்க்கெட்டில் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கி, பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே ஆடத் தொடங்கினேன். அதன் பக்கவாட்டுப் பொத்தானை மேலே தள்ளினால் அப்படியே உறங்கிவிடும், மறுபடி தள்ளினால் விட்ட இடத்தில் விழிக்கும். எடைமேடைக்காரனுக்காகவே செய்தது போல. இன்று அதைத் தேட வேண்டியதில்லை. குரோனோ டிரிகரும் டிராகன் குவெஸ்ட் 5உம் ஆண்ட்ராய்டு போனிலேயே கிடைக்கின்றன. பத்தாவது ஃபைனல் ஃபேன்டசி என் பழைய மடிக்கணினியில் சூடு ஏறாமல் ஓடியது.

கணினியில் என்றால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கும், யுபிஐயில் கட்டலாம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். அதுவரை ஆசையை அடக்குங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பெர்சோனா 4இல் இரண்டு மணி நேரத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதை என் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். கம்பி வைத்த ஒரு கைப்பிடி, அதாவது கன்ட்ரோலர், இருந்தால் நல்லது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று மடிக்கணினியை முந்தைய இரவே சார்ஜ் போட்டு வையுங்கள்.

நோட்டு

இதைக் கருவியோடு சேர்த்திருக்க வேண்டும். ஆனால் கருவியைவிட முக்கியம் என்பதால் தனியாக வைக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நான் தமிழ்வழியில் படித்தவன். இந்த விளையாட்டுகள் என் கைக்கு வந்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஜப்பானியர் எழுதியதை அமெரிக்கர் மொழிபெயர்த்து, அதை நான் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு மாங்கூழ் வாசனையில் படித்தேன்.

நோட்டின் இடப்பக்கம் சொற்கள். சண்டையில் திரும்பத் திரும்ப வருபவை முப்பது, நாற்பதுதான்; அவற்றைக் கற்றுக்கொண்டால் போதும். நான் அகராதிப் பொருளை எழுதவில்லை, எனக்குப் புரிந்த பெயரை எழுதினேன். சைலன்ஸ் என்றால் வாய்க்கட்டு. மந்திரக்காரன் வாயைக் கட்டிவிட்டால் அவன் என்ன செய்வான்? பிளைண்ட் என்றால் கண்கட்டு. ஹேஸ்ட் என்றால் விரைவு, ஸ்லோ என்றால் மந்தம். பெட்ரிஃபை என்பதற்கு 'அகலிகை' என்று எழுதி வைத்திருந்தேன். பெர்செர்க் என்பது சொன்ன பேச்சைக் கேட்காமல் கண்ணில் பட்டவனை அடிக்கும் நிலை. அதற்கு நேராகச் 'சாமி வந்தது' என்று இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு எல்லாம் விளங்குகிறது.

வலப்பக்கம் ஊர்களும் ஆட்களும். "வடக்கு ஊர்க் கிழவி, மோதிரம் கேட்டாள்." "குகையில் திறக்காத கதவு, நீலப் பூட்டு." இப்படி ஒரு வரி போதும். சீசன் வந்தால் எனக்கு நடுவில் இருபது நாட்கள் விட்டுப்போகும். திரும்ப வந்தால் யார் யாரைக் கொன்றான், நான் ஏன் இந்தப் பாலைவனத்தில் நிற்கிறேன் என்று தெரியாது. இந்த விளையாட்டுகளைப் பாதியில் விடுபவர்கள் பலர் கடினத்தால் விடுவதில்லை, மறதியால் விடுகிறார்கள் என்பது என் கணக்கு.

சண்டை போடும் விதம்

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: முறை வந்தவுடன் அடிப்பது. சிறு எதிரிகளிடம் அது செல்லும். பெரிய எதிரி எதிரே நின்றால் முதல் இரண்டு சுற்றுகள் கையை ஓங்காதீர்கள். முதலில் உங்கள் ஆட்களைப் பலப்படுத்துங்கள், பிறகு அவனைப் பலவீனமாக்குங்கள், அதன் பிறகு அடியுங்கள். டிராகன் குவெஸ்டில் ஊம்ஃப் என்று ஒரு மந்திரம், ஓர் ஆளின் தாக்கும் பலத்தை இரட்டிப்பாக்கும். சாப் என்பது எதிரியின் காப்பைக் கரைக்கும். பெர்சோனாவில் தாருகாஜா தாக்குதலைக் கூட்டும், ராகுண்டா எதிரியின் தற்காப்பைக் குறைக்கும். மூன்று சுற்று தாங்கும், மறுபடி போட வேண்டும். பெயர்கள் வாயில் நுழையாது. ஆனால் இந்த நான்கும் என் நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன. லெவல் போதவில்லை என்று மாப்பிள்ளை புலம்பிய சண்டைகளில் பாதியை இவற்றைப் போட்டே முடித்திருக்கலாம்.

எதிரிகள் கூட்டமாக வந்தால், மற்றவனுக்கு மருந்து போடுபவனை முதலில் முடியுங்கள். நீருக்கு மின்னல் ஆகாது, நெருப்புக்குப் பனி ஆகாது என்ற கணக்கை எல்லா விளையாட்டும் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கும். பத்தாவது ஃபைனல் ஃபேன்டசி இதைப் பாடமாகவே நடத்துகிறது. பறப்பவற்றுக்கு உங்கள் கூட்டத்தின் வாக்கா, கெட்டியான ஓடு உள்ளவற்றுக்கு ஆரோன், வேகமாக ஓடும் ஓநாய்களுக்கு டீடஸ், கூழ் போலக் கொழகொழவென்று இருப்பவற்றுக்கு லுலுவின் மந்திரம். சண்டைக்கு நடுவிலேயே ஆளை மாற்றலாம், முறை வீணாகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சண்டையில் ஒரு முறையாவது ஏதாவது செய்தவருக்குத்தான் வளர்ச்சிப் புள்ளி கிடைக்கும். எனவே கடைசி எதிரியைக் கொல்லும் முன் மீதிப் பேரையும் ஒவ்வொருவராக உள்ளே கொண்டுவந்து, சும்மா ஒரு தற்காப்பு நிலை எடுக்க வையுங்கள். மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போட்டால்தானே கூலி.

இன்னொரு பொது விதி, கேட்டால் சிரிப்பீர்கள். பேய்க்கு மருந்து விஷம். பல ஜேஆர்பிஜிகளில், குறிப்பாக ஃபைனல் ஃபேன்டசி வரிசையில், செத்துப்போய் நடமாடும் எதிரிக்குக் குணப்படுத்தும் மந்திரம் போட்டால் அடிபடும். ஆறாவது ஃபைனல் ஃபேன்டசியில் ஒரு பேய் ரயில் வந்து மோதும். நான் அரை மணி நேரம் வாளால் வெட்டினேன். செத்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் ஒன்றை அந்த ரயில் மேல் போட்டால் அது அங்கேயே முடிந்துவிடும் என்று பிறகு தெரிந்தது. பத்தாவதில் எவ்ரே அல்டானா என்ற செத்த நாகத்துக்கு இரண்டு போட்டால் போதும். அதை முதல் முறையிலேயே செய்தேன், ரயில் கொடுத்த புத்தி.

களி கிண்டுவது

லெவல் ஏற்றுவதற்காக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சிறு எதிரிகளை அடிப்பதை எங்கள் வீட்டில் களி கிண்டுவது என்றுதான் சொல்வோம். ராகிக் களி கிண்டியவர்களுக்குத் தெரியும்: கையை எடுத்தால் கட்டி தட்டும், ஆனால் வெந்த பிறகும் கிண்டிக்கொண்டிருப்பவன் விறகைத்தான் வீணாக்குகிறான். ஒரு பெரிய எதிரியிடம் தோற்றால் முதலில் சண்டை போடும் விதத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு கடையில் புதிய கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் உதவாவிட்டால் மட்டும் கிண்டுங்கள்.

டிராகன் குவெஸ்ட் கொஞ்சம் கிண்டச் சொல்லும். அதற்கு மெட்டல் ஸ்லைம் என்று ஓர் இரும்புக் குமிழியை வைத்திருக்கிறார்கள். அடித்தால் அனுபவப் புள்ளி கொட்டும், ஆனால் அடிக்கும் முன் ஓடிவிடும். ஐந்தாவதில் கூட்டம் மொத்தமும் செத்தால்கூடப் பெரிய நஷ்டமில்லை. கோயிலில் கண் விழிப்பீர்கள், சேர்த்த அனுபவம் அப்படியே இருக்கும், பையிலிருக்கும் காசில் பாதி போயிருக்கும். அதனால் புதிய குகைக்குள் போகும் முன் ஊர் வங்கியில் காசைப் போட்டுவிடுங்கள். அங்கே போட்டது குறையாது. இது தெரியாமல் நான் பல மாதங்கள் சாவுக்குப் பயந்து ஆடினேன்.

ஃபைனல் ஃபேன்டசி 8 இதற்கு நேர்மாறு. உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளின் லெவலும் ஏறும். நான் ஒரு வாரம் கிண்டிவிட்டு வெளியே வந்தால், தெருவில் போகும் பூச்சியும் பயில்வானாகியிருந்தது. பலம் லெவலில் இல்லை, எதிரிகளிடமிருந்து உறிஞ்சி எடுத்த மந்திரங்களை உடம்பில் பொருத்துவதில் இருக்கிறது என்று புரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் வரும் சீட்டாட்டம் மட்டும் பிரமாதம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எடைமேடையில் இரவு இரண்டு மணிக்கு, கதை படிக்கும் அளவுக்கு மூளை வேலை செய்யாத நேரத்தில், நானும் கிண்டுவேன். அது தவறு என்று தெரிந்தேதான்.

நெல்லிக்கனி

ஒன்பதாவது ஃபைனல் ஃபேன்டசியை முடித்தபோது என் பையில் பத்தொன்பது எலிக்சர்கள் திறக்காமல் இருந்தன. உயிரையும் மந்திர சக்தியையும் முழுதாக நிரப்பும் மருந்து அது. 'இதைவிடப் பெரிய ஆபத்து வந்தால்' என்று ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்தேன். கடைசி எதிரியும் செத்தான். அதற்கு மேல் ஆபத்து வர இடமே இல்லை.

தகடூர் இருந்த மண்ணில் பிறந்துவிட்டு இப்படிச் செய்ததுதான் எனக்கு வெட்கம். அதியமானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நெல்லிக்கனி, நீண்ட ஆயுள் தருவது. அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை, யாருக்குத் தேவை என்று பார்த்து ஔவைக்குக் கொடுத்தார். இப்போது நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பையில் மூன்றுக்கு மேல் சேர்ந்தால், அடுத்த பெரிய சண்டையில் ஒன்றாவது செலவாக வேண்டும். கூட்டத்தில் மருந்து மந்திரம் போடுபவருக்குத்தான் அது முதலில் போக வேண்டும். அவர் நின்றால் மற்றவர் நிற்பார்கள்.

இரண்டு இடத்தில் சேமியுங்கள்

ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் 1997இல் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து பிஎஸ்பிக்கு வந்த பதிப்பைத்தான் நான் ஆடினேன். சதுரங்கம் போலக் கட்டங்களில் ஆளை நகர்த்தும் சண்டை. ஓர் ஆள் விழுந்தால் அவன் தலைக்கு மேல் எண்ணிக்கை ஓடும். மூன்று முறைக்குள் எழுப்பாவிட்டால் அவன் படிகமாகவோ பெட்டியாகவோ ஆகிவிடுவான், பிறகு திரும்ப மாட்டான். எங்கள் இரு மாவட்டங்களிலும் வயலோரம் நிற்கும் நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

அதில் ரியோவானிஸ் கோட்டை என்று ஓர் இடம். வாசலில் ஒரு சண்டை. வென்றவுடன் சேமிக்கட்டுமா என்று கேட்கும். நான் ஒரே இடத்தில்தான் சேமித்து வந்தேன், அதன் மேலேயே சேமித்தேன். உள்ளே போனால் நாயகன் ராம்சா மட்டும் தனியாக, வீக்ராஃப் என்ற வீரனோடு ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டும். என் ராம்சா வெறும் நைட்டாகவே, அதாவது வாள்வீரனாகவே, வளர்ந்திருந்தான். இரண்டு அடியில் விழுந்தான். திரும்பப் போய்ப் பலம் சேர்க்கலாம் என்றால், கோட்டையிலிருந்து வரைபடத்துக்கு வெளியேற வழியே இல்லை. சேமித்த இடம் கோட்டைக்கு உள்ளே இருந்தது.

மூன்று இரவுகள் முயன்றேன். அந்த மூன்று இரவும் வரத்து மோசம், நிறைய நேரம் கிடைத்தது. என் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவர் மூன்றாம் நாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமா அந்த ஆள் சாகவில்லை? பாரதக் கூத்தில் துரியோதனனே பதினெட்டாம் நாள் செத்துவிடுகிறான்" என்றார். நான்காம் நாள் முதலிலிருந்து தொடங்கினேன். முப்பத்திரண்டு மணி நேரம் போனது போனதுதான்.

இரண்டாம் முறை போனபோது ராம்சாவுக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்திருந்தேன். ஒன்று, கெமிஸ்ட் என்ற மருந்துக்காரர் தொழிலில் இருந்து கற்ற ஆட்டோ-போஷன். அடிபட்டவுடன் தானாக மருந்து குடிப்பான். அது பையில் இருப்பதில் மட்டமான மருந்தைத்தான் முதலில் எடுக்கும், ஆகவே மட்டமானவற்றையெல்லாம் விற்றுவிட்டு உசத்தியான எக்ஸ்-போஷன் மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றொன்று டெயில்விண்ட், தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்வது. அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். வீக்ராஃப் ஒரு முறை அசைவதற்குள் ராம்சா மூன்று முறை அசைந்தான்.

ஆகவே மாறி மாறிக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூன்றாவதாக ஒன்றை, கடைசியாக நீங்கள் சுதந்திரமாக உலகத்தைச் சுற்ற முடிந்த இடத்தில் வையுங்கள். 'இதற்கு மேல் திரும்ப முடியாது, தயாரா?' என்று யாராவது கேட்டால் அது உண்மை.

வழிகாட்டி பார்க்கலாமா

பார்க்கலாம். இரண்டு முறை முயன்ற பிறகு, சிக்கிய அந்த ஒரு முடிச்சுக்கு மட்டும், இணையத்தில் பிறர் எழுதிவைத்ததைப் பார்க்கலாம். சூய்கோடன் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. சீனத்தின் பழைய வீரர் கதையைத் தழுவி 108 பேரைச் சேர்க்கச் சொல்லும் விளையாட்டு அது. சிலரைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் சேர்க்காவிட்டால் பிறகு கிடையாது. யாரை எப்போது என்ற பட்டியலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும் என்று அலையாதீர்கள். ஒன்பதாவது ஃபைனல் ஃபேன்டசியில் ஒரு வாள் இருக்கிறது. தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கடைசி இடத்தை எட்டினால்தான் அது கிடைக்கும். அந்த வாளுக்காக ஓடுபவன் அந்த அழகான விளையாட்டில் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டான்.

இரண்டு மணி நேரப் பேச்சு

இப்போது பெர்சோனா 4. மாப்பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டதால், எப்படி ஆடுவது என்று சொல்லியாக வேண்டும். 2008இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. இப்போது கிடைப்பது கோல்டன் என்ற விரிந்த பதிப்பு. நகரத்துப் பையன் ஓராண்டுக்கு இனாபா என்ற சிற்றூருக்கு வருகிறான். மழை பெய்யும் நள்ளிரவில் அணைந்திருக்கும் தொலைக்காட்சியில் ஓர் உருவம் தெரிகிறது. ஊரில் கொலைகள் நடக்கின்றன. ஜூனெஸ் என்ற பெருங்கடை வந்த பிறகு ஊரின் பழைய கடைவீதி காற்று வாங்குகிறது. அந்தக் கடையை நடத்துபவரின் மகன் உங்கள் நண்பன். கடைவீதிக்காரர்கள் அவனைப் பார்க்கும் பார்வையை எழுதியவர் ஏதாவது சிற்றூரில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சாலையோரம் பெரிய கடை திறந்த பிறகு என் சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு வருபவர்கள் அரை கிலோ கடனுக்கு மட்டும் வர ஆரம்பித்தார்கள்.

அந்த நீண்ட தொடக்கத்துக்கு மருந்து, கூத்துப் பார்ப்பது போல உட்காருவதுதான். பாரதக் கூத்துக்குப் போகிறவன் கட்டியங்காரன் வந்தவுடன் போர் எங்கே என்று கேட்பதில்லை. பாயை விரித்து, கடலை வாங்கி வைத்து, தேவைப்பட்டால் ஒரு தூக்கமும் போட்டு, மத்தளம் உரக்க ஒலிக்கும்போது எழுந்துகொள்கிறான். முதல் இரண்டு மணி நேரத்தை இரண்டு இரவுகளாகப் பிரித்து ஆடுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம்.

பிறகு நாட்காட்டி. விளையாட்டில் ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு வேலைதான் செய்யலாம். நண்பனோடு போகலாம், படிக்கலாம், அல்லது தொலைக்காட்சிக்குள் இருக்கும் நிலவறைக்குள் இறங்கலாம். தொடர்மழைக்குப் பின் மூடுபனி வரும் நாள்தான் கெடு. ஊரில் கடத்தப்பட்டு அந்த நிலவறைக்குள் தள்ளப்பட்டவரை அதற்குள் மீட்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. எனவே நிலவறை திறந்த முதல் வாரத்திலேயே இறங்கி, ஒரு நாளில் அல்லது இரண்டு நாட்களில் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு நாள் செலவாகிறது. உங்களைத் தடுப்பது உயிர் அல்ல, மந்திர சக்தி தீர்ந்துபோவதுதான். வாசலில் ஒரு நரி காசு வாங்கிக்கொண்டு அதை நிரப்பும். தொடக்கத்தில் கொள்ளை விலை கேட்கும், அதோடு பழகப் பழகக் குறைக்கும். எதிரியின் பலவீனத்தைத் தொட்டு அடித்தால் அவன் விழுவான், உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லோரும் விழுந்தால் கூட்டமாகப் பாயலாம். மீதமுள்ள நாட்களையெல்லாம் மனிதர்களுக்குக் கொடுங்கள். அவர்களோடு உறவு வளர்ந்தால்தான் நீங்கள் உருவாக்கும் பெர்சோனாக்களுக்கும், அதாவது சண்டையில் நீங்கள் அழைக்கும் ஆவி உருவங்களுக்கும், பலம் கூடும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், முதலில் குரோனோ டிரிகரை முடித்துவிட்டு வா என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். போனில் இறக்கிக்கொண்டான். போன ஞாயிறு இரவு பத்தரைக்கு அழைத்தான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"மாமா, என்னைக் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்."

"சரி."

"திருவிழாவில் மேசை மேல் ஒரு பொட்டலம் இருந்தது. யாரோ ஒரு கிழவரின் சாப்பாடாம். எடுத்துச் சாப்பிட்டால் உயிர் ஏறியது, அதனால் சாப்பிட்டேன். இப்போது அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறார். மாமா, முதலிலேயே உங்களுக்குத் தெரியும்தானே?"

லாரி வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சீசன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.